மூன்றாம் கட்டில் எழுதிய கடிதங்கள்

இந்த அறையின் மின்விசிறி கடகடக்கிறது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் சரியாகிவிடும். நான் சொல்லச் சொல்ல உங்கள் காவலர் எழுதிக்கொள்வார் என்றீர்கள். நானே எழுதித் தருகிறேன் என்று காகிதம் கேட்டு வாங்கிக்கொண்டேன், தப்பாக நினைக்க வேண்டாம். முப்பது வருடமாக எனக்குச் சோறு போடுவது எழுத்துதான். எட்டு மாதம் கழித்து இப்போது ஏன் வந்தாய் என்றும் கேட்டீர்கள். மனசாட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வார இதழில் வேலை பார்க்கிறேன். பதினோரு வருடம் அதன் நடுப்பக்கத் தொடர்கதை என்னுடையது. ஆபீசில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் கிடையாது. "நடுப்பக்கம் வந்தாச்சா?", "நடுப்பக்கத்துக்கு ஒரு டீ" என்பார்கள். பிறகு மைனா வந்தாள். ஓயாமல் பேசுவாள் என்பதால் அந்தப் பெயர். திருப்பி அனுப்ப வேண்டிய கதைகளின் குவியலிலிருந்து அவளுடைய முதல் கதையை உருவி ஆசிரியர் மேசையில் வைத்தவனே நான்தான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான். இரண்டே வருடத்தில் நடுப்பக்கம் அவளுக்குப் போனது. எனக்கு வாசகர் கடிதப் பகுதியைக் கொடுத்தார்கள்.

"உங்க எடத்துல உக்காந்துட்டேன்னு கோவமாண்ணா?" என்று கேட்டாள்.

"எடம் என்னம்மா எடம். யார் எழுதினா என்ன, கதை நல்லா இருந்தா சரி" என்றேன்.

வயிறு எரிந்தது. பொறாமை என்றால் பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பெயர் தேடப் போவதில்லை. ஒரு வியாழக்கிழமை என் மனைவி அடுப்பில் பாலை வைத்துவிட்டு, நின்றபடியே மைனாவின் தொடரைப் படித்துக்கொண்டிருந்தாள். பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துவிட்டது. அவளுக்குத் தெரியவில்லை. என்னுடைய பதினோரு வருடக் கதைக்கு எங்கள் வீட்டில் ஒரு சொட்டுப் பால் வீணானதில்லை. அன்றைக்கு அடுப்பைத் துடைத்தது நான்.

அந்தத் தொடரின் நாயகிக்கு இதயத்தில் கோளாறு. கத்தி வைக்க வேண்டாம், இருக்கிற நாளைச் சிரித்துக்கொண்டே கழிக்கிறேன் என்கிற பெண். படித்தவர்கள் எல்லாம் அவள்மேல் உயிராக இருந்தார்கள். அப்படிப்பட்ட கதையை வெளியிலிருந்து யாரும் கெடுக்க முடியாது. எழுதுகிறவள் கையாலேயே கெடுக்க வேண்டும். அதற்கு ஒரே ஒரு வாசகி போதும் என்று எனக்குப் பட்டது.

கடிதங்களைப் பிரித்து, விலாசத்தை என் பதிவேட்டில் குறித்துக்கொண்டு, உறையைத் தூக்கிப் போட்டுவிட்டு, அந்தந்த எழுத்தாளரிடம் கொடுப்பது என் வேலை. நடுவே ஒரு கடிதம் கூடினால் எந்த ஊர் முத்திரை என்று யார் கேட்கப் போகிறார்கள்? இடது கையால் எழுதினேன். பாராட்டி எழுதினால் எழுத்தாளர்கள் மறுநாளே மறந்துவிடுவார்கள். அதனால் முதல் கடிதத்தில் ஒரு தப்பைச் சுட்டிக்காட்டினேன்: மூன்றாவது வாரம் இடது கைப்பழக்கக்காரியாக இருந்த நாயகி ஏழாவது வாரம் எப்படி வலது கையால் கையெழுத்துப் போட்டாள்? கீழே 'மூன்றாம் கட்டில், பெண்கள் வார்டு' என்று மட்டும் போட்டேன். என்ன நோய் என்று சொல்லவில்லை. நர்ஸ் அக்கா தன் செருப்பை ஒளித்து வைத்துவிடுகிறாள் என்று மட்டும் குறைப்பட்டுக்கொண்டாள் என் கற்பனைப் பெண். அழுகிறவளுக்காக யாரும் அழுவதில்லை, ஐயா. செருப்பைத் தேடுகிறவளுக்காக அழுவார்கள்.

மைனா அன்றே பதில் எழுதிவிட்டாள். "இதத் தபால்ல சேத்துடுங்கண்ணா, மறந்துடாதீங்க" என்று என்னிடமே கொடுத்தாள். நானும் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

நாலாவது கடிதத்தில் வீட்டைப் பற்றி எழுதினேன். ஊர்ப் பெயரைச் சொல்லி, தான் திரும்பி வருவதற்குள் அப்பா வாசலில் நீலக் கதவுக்கு மறுபடி வர்ணம் அடித்துவைப்பார் என்றாள் அந்தப் பெண். அந்தக் கதவுக்குக் கதையில் ஒரு வேலையும் இல்லை. வேலையில்லாத விவரம் ஒன்று இருந்தால்தான் மற்றதெல்லாம் உண்மை என்று தோன்றும். ஆறாவதில் இரண்டே வரி: உங்கள் நாயகியைப் போல நானும் ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், இப்போது தைரியமாக இருக்கிறது. அதன்பிறகு மூன்று வாரம் ஒன்றுமே எழுதவில்லை. காத்திருக்க வைப்பதும் எழுத்துதான்.

மைனா தோளிலிருந்து பையை இறக்குவதற்கு முன்பே என் மேசைக்கு வருவாள். "மூணாம் கட்டில்கிட்டருந்து ஏதாச்சும் வந்துச்சாண்ணா?" பேச்சு குறைந்தது. தொடரில் ஒரு டாக்டர் நுழைந்து, ஆபரேஷன் செய்துகொள் என்று பக்கம் பக்கமாகப் பாடம் நடத்த ஆரம்பித்தார். நாயகியின் சிரிப்பு போனது, வாசகர்களும் போனார்கள். ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, "கதைய ஆஸ்பத்திரில சேத்துட்டாய்யா. நீங்க ஏதாவது தயாரா வெச்சிருக்கீங்களா?" என்றார்.

நினைத்தது நடந்துவிட்டது. அத்தோடு நிறுத்துவதாகத்தான் இருந்தேன். நடுநடுவே ஒரு கடிதம் எழுதி மெல்ல மூன்றாம் கட்டில் பெண்ணைக் குணமாக்கி வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று திட்டம்கூட வைத்திருந்தேன்.

ஆனால் ஆபரேஷன் அத்தியாயம் பிழை பார்க்க என்னிடம் வந்தது. நாயகியைத் தள்ளுகட்டிலில் உள்ளே கொண்டுபோகிறார்கள். மேலே வரிசையாக விளக்குகள். அவள் எண்ணிக்கொண்டே போகிறாள். ஏழு என்றதோடு அத்தியாயம் முடிகிறது. நின்றபடி படித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் உண்டாக்கிய ஒரு பெண்ணுக்காக மைனா எழுதியது அது. என் தயவிலேயே என்னைத் தாண்டிப் போய்விட்டாள். ஏழு விளக்கு எனக்குத் தோன்றவில்லையே என்று அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இதழ் வெளிவந்து எட்டாம் நாள் பதினாலாவது கடிதத்தை எழுதினேன். இது பெண்ணின் அம்மா எழுதியது. 'உங்கள் கதையைப் படித்த பிறகுதான் ஆபரேஷனுக்குச் சரி என்றாள். விளக்கை எண்ணிக்கொண்டே போகிறேன் அம்மா என்று சிரித்தாள். திரும்பி வரவில்லை. உங்கள்மேல் எங்களுக்கு வருத்தம் எதுவும் இல்லை.'

கடைசி வரியைக் கவனிக்க வேண்டுகிறேன். திட்டியிருந்தால் நாலு நாள் அழுது ஆறியிருப்பாள். மன்னித்துவிட்டால் ஆறவே ஆறாது.

என் மேசைக்கு முன்னால் நின்றுதான் படித்தாள். அழவில்லை. "அந்தம்மாவ நான் நேர்ல பாக்கணும்ணா" என்றாள். பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்துச் சொன்னேன். அந்த ஊரில் நீலக் கதவு போட்ட வீடுகள் ஒன்பது இருந்தனவாம். இரண்டு நாள் வெயிலில் அலைந்து எட்டு வீட்டில் தட்டி, உங்கள் மகள் இறந்துவிட்டாளா என்று கேட்டிருக்கிறாள். இரண்டு வீட்டில் அடித்து விரட்டியிருக்கிறார்கள். ஒன்பதாவது வீட்டுக்குப் போகச் சாலையைக் கடக்கும்போதுதான் லாரி வந்தது. உங்கள் கோப்பில் விபத்து என்று இருக்கும். ஓட்டுநரை விட்டுவிடுங்கள், அவர் மேல் தப்பில்லை.

அவள் தேடிப் போவாள் என்று தெரியுமா என்பீர்கள். தெரியும். படிக்கிறவர் அடுத்து என்ன செய்வார் என்று தெரியாதவன் எழுத்தாளனே இல்லை. இப்படி முடியும் என்றும் ஏறக்குறைய தெரியும். அவளைக் கொன்றது நான்தான். அவள் எழுதிய பதின்மூன்று பதில்களையும் சாட்சிக்காக இணைத்திருக்கிறேன். சில இடங்களில் வாக்கியம் நீண்டுவிட்டதால் சிவப்பு மையில் திருத்தியிருக்கிறேன், பழக்கதோஷம்.

அவளுடைய மேசையில் இருந்த பதினாலு கடிதங்களையும் எங்கள் ஆசிரியர் போன மாதம் புத்தகமாகப் போட்டார். எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'மூன்றாம் கட்டில்' என்று இருக்கிறது. மூன்று பதிப்பு ஓடிவிட்டது. முந்தாநாள் என் மனைவி அதைப் படித்து முடித்து, முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"சாகக் கெடந்த சின்னப் பொண்ணு எழுதுனதுங்க. எழுத்துன்னா இதுல்ல எழுத்து. நீங்களும் எழுதுனீங்களே, பதினோரு வருஷம்."

நான் எழுதியதுதான் என்று சொன்னேன். சிரித்துவிட்டாள். நீங்கள் முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு, வீட்டுக்கு வந்து சொன்னால் நம்புவாள்.