கதவுக்கு ஒரு கை தூரத்தில்

அக்கா: போதும், கை தட்டுனது. வாங்குன சம்பளத்துக்கு இங்க வேலை பாக்கிறவங்க தட்டுறாங்க. உனக்கென்ன வந்துச்சு?

தம்பி: எல்லாரும் தட்டும்போது நான் மட்டும் எப்படிக்கா...

அக்கா: அந்தப் பெரிய மனுஷன் என்ன பேசுனார்னு ஒரு வார்த்தை புரிஞ்சுதா உனக்கு?

தம்பி: ஜெயில்லேர்ந்து வந்தவங்க மனசுலயும் காயம் இருக்குமாம். அதுக்கு மருந்து போடத்தான் இந்த மையமாம். புதுசா...

அக்கா: மருந்து போட வந்தவரு ரிப்பனை வெட்டுனார், போட்டோவுக்கு நின்னார், காரேறிப் போயே போயிட்டார். உங்கள்ல ஒருத்தன் மூஞ்சியையாவது பாத்தாரா?

தம்பி: அவருக்கு ஆயிரம் வேலை இருக்கும்.

அக்கா: ஆமாமா. நீதான் அவருக்கு வக்கீல். போர்டைப் பாரு... "சிறை மீண்டோர் மனநல மையம்". பஸ்ல போறவன்கூடப் படிக்கிற மாதிரி ஆளுயர எழுத்து. இதுக்குக் கீழ நின்னா நாளைக்கு எவன் வேலை குடுப்பான்?

தம்பி: மெதுவாப் பேசுக்கா. எல்லாரும் திரும்பிப் பாக்கிறாங்க.

அக்கா: பாக்கட்டும். நானா ஒருத்தன் மண்டையை உடைச்சேன்?

தம்பி: நான்தான் உடைச்சேன். போதுமா?

அக்கா: சரி சரி, உடனே மூஞ்சியைத் தொங்கப் போடாதே. ஒரு பேச்சுக்குச் சொன்னேன். என்ன, இத்தனை கொட்டாவி?

தம்பி: ராத்திரி தூங்கல.

அக்கா: நீயா? படுத்தா இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டியே. ஏன்?

தம்பி: சும்மாதான்.

அக்கா: சும்மா ஒருத்தனுக்குத் தூக்கம் வராமப் போகுமா? சரி, எந்திரி. கூட்டம் கலைஞ்சாச்சு. உள்ள போய்ப் பேரைப் பதிஞ்சுட்டு வா.

தம்பி: போலாம்... இரு.

அக்கா: என்னத்த இரு? சாயங்காலத்துக்குள்ள பதியலேன்னா மிச்ச வருஷத்தையும் ஜெயில்லயே கழின்னு ஜட்ஜு சொன்னது மறந்துபோச்சா? போன தடவை நீ உள்ள போனப்ப நான் பட்ட பாடு போதும். இன்னொரு தடவை என்னால ஆகாது, சொல்லிட்டேன்.

தம்பி: எனக்கு மட்டும் ஆசையா?

அக்கா: அப்ப நட.

தம்பி: அவங்கள்லாம் நிக்கிறாங்களே. அவங்களுக்கு அப்புறம்தானே நான்.

அக்கா: ஆமா, கேக்கணும்னு நெனச்சேன். அந்தக் கண்ணாடிக் கதவு முன்னாடி அஞ்சாறு பேரு பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறாங்களே, எதுக்கு?

தம்பி: உள்ள போறதுக்குத்தான்.

அக்கா: போகாம நிக்கிறாங்களேடா!

மேடம்: அம்மா, கொஞ்சம் கேளுங்க... நீங்க இவரோட வந்தவங்களா?

அக்கா: கூடப் பொறந்தவ. நீங்க?

மேடம்: நான்தான் இந்த மையத்தோட பொறுப்பாளர். விழா ஒரு பக்கம் நடந்தாலும், காலையிலேர்ந்து டாக்டர் ஒருத்தர், ஆலோசகர் ரெண்டு பேர் உள்ள சும்மா உக்காந்திருக்கோம். ஒருத்தர்கூட உள்ள வரல. பார்க்கிறீங்கல்ல, வாசல் வரைக்கும் வந்துட்டு நிக்கிறாங்க.

அக்கா: கூப்பிட்டீங்களா?

மேடம்: "உள்ளே வரவும்"னு கதவுலயே எழுதி ஒட்டியிருக்கோமே! மெத்தை வச்ச நாற்காலி, குளிர்ந்த தண்ணி, எல்லாம் இலவசம். அப்படியும் வரலேன்னா என்ன அர்த்தம்? திருந்தணும்ங்கிற எண்ணமே இல்ல. குதிரையைத் தண்ணிகிட்ட கூட்டிட்டுத்தான் போகலாம்...

அக்கா: குதிரையா? எங்க வீட்டுப் பையனை விலங்குன்னு சொல்லத்தான் இத்தனை படிச்சீங்களா?

மேடம்: நான் அப்படிச் சொல்லலம்மா...

அக்கா: அந்த மெத்தை நாற்காலியைக் கண்ணாடி வழியா நானும் பாத்தேன். பிளாஸ்டிக் உறையைக்கூட உரிக்கல. இவங்க உக்காந்தா அழுக்காயிடும்னு பயம்.

மேடம்: நேத்துதாம்மா வந்திறங்குச்சு. சரி, அஞ்சு மணிக்கு மூடிடுவோம். வராதவங்க பேரைக் கோர்ட்டுக்கு அனுப்பணும். அது என் கையில இல்ல.

அக்கா: போறதைப் பாரு... படக்குனு கதவை இழுத்துச் சாத்திக்கிட்டு. கேட்டுக்கிட்டியா? பேரை அனுப்பிடுவாளாம். எந்திரிடா டேய்.

தம்பி: எந்திரிச்சுட்டேன்.

அக்கா: போ.

தம்பி: கதவு சாத்தியிருக்குக்கா.

அக்கா: பூட்டல, சாத்தித்தான் இருக்கு. தள்ளு.

தம்பி: அவங்க திறக்கட்டும்.

அக்கா: ஏன், துரைக்குப் பல்லக்கு அனுப்பணுமா? இதே திமிரைத்தான் அன்னைக்கு வீட்லயும் காட்டுனே. நான் வேலை முடிஞ்சு வர்றேன், கொட்டுற மழையில வாசல்ல தொப்பலா நனைஞ்சு நிக்கிறே. கதவு வெறுமனேதான் சாத்தியிருந்துச்சு. தள்ளிட்டுப் போயிருந்தா என்ன? அக்கா வந்து வரவேற்கணும்... அதானே?

தம்பி: திமிர் இல்லக்கா.

அக்கா: வேற என்ன?

தம்பி: கதவைத் தொட வராது.

அக்கா: தொட வராதா? கை இருக்குல்ல?

தம்பி: அங்க கதவைத் தொட்டா அடி விழும். கதவு முன்னாடி ஒரு கை தூரத்துல நிக்கணும். வார்டர் திறப்பார். தாண்டிப் போய், திரும்பாம நிக்கணும். அவரே பூட்டுவார். பூட்டுன சத்தம் கேட்டப்புறம்தான் நடக்கணும்.

அக்கா: அது அங்கடா...

தம்பி: ஏழு வருஷம்க்கா. ஒரு கதவைக்கூட நான் திறந்ததில்ல. இப்ப கதவைப் பாத்தா கால் தானா நின்னுடுது.

அக்கா: அப்ப... அவங்க எல்லாரும்?

தம்பி: அந்த நரைச்ச தாடிக்காரரைப் பாரு, முதல்ல நிக்கிறவரு. விடியக்காலையிலேயே வந்துட்டார். கதவுக்கும் அவருக்கும் எத்தனை தூரம்னு பாரு.

அக்கா: ஒரு கை...

தம்பி: ம்.

அக்கா: அட, நாசமாப் போறவங்களே! இத்தனை படிச்சவங்கள்ல ஒருத்தருக்குக்கூட இது தோணலியா? எனக்கும் தோணலியே... உன்னைத் திமிர் புடிச்சவன்னு தெருவே கேக்கத் திட்டுனேனேடா அன்னைக்கு.

தம்பி: விடுக்கா.

அக்கா: எதை விடுறது? நகரு... பெரியவரே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. ஏம்மா! மேடம்! இப்படி வாங்க!

மேடம்: என்னம்மா, எதுக்குக் கத்துறீங்க?

அக்கா: இந்தக் கதவை அகலத் திறந்து வைங்க. திறந்தது திறந்தபடியே இருக்கணும்.

மேடம்: ஏசி ஓடுதும்மா. திறந்து வச்சா குளிர் எல்லாம் வெளிய போயிடும்.

அக்கா: குளிர் வெளிய போகக்கூடாது, மனுஷன் உள்ள வரக்கூடாது. நல்லா இருக்கு நியாயம். இவங்களுக்குக் கதவைத் திறந்தே பழக்கமில்ல. திறக்கிறதுக்கு ஆள் வரும்னு காலையிலேர்ந்து நிக்கிறாங்க.

மேடம்: அது... எங்களுக்கு யாரும் சொல்லலையே.

அக்கா: நீங்க யாரையாவது கேட்டீங்களா?

மேடம்: பாதுகாப்புன்னும் ஒண்ணு இருக்கும்மா. உள்ள பெண்கள் வேலை பாக்கிறோம்...

அக்கா: அப்படிச் சொல்லுங்க! பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லுங்க. ஏசி மேல பழியைப் போடாதீங்க. நானும் பொம்பளதான். வீட்ல காய்ச்சலோட என் சின்னப் பொண்ணு கிடக்கு. இவனைப் பூட்டியா வச்சிருக்கேன்?

தம்பி: அக்கா... வேண்டாம்.

அக்கா: நீ சும்மா இரு. நாங்க நம்பலேன்னா இவங்களை வேற யாரு நம்புவா? இந்தாங்க, என் செருப்பையே கதவுக்கு அடியில முட்டுக் குடுத்துட்டேன். இனி சாத்தாது. பெரியவரே, போங்க... ம்ம், போங்க, யாரும் அடிக்க மாட்டாங்க. அப்படித்தான்.

தம்பி: போயிட்டார்க்கா!

அக்கா: நீயும் வா.

மேடம்: எல்லாரும் உக்காருங்க... உறையோடவே உக்காருங்க, பரவாயில்ல. தம்பி, நீங்க இப்படி வாங்க. உங்க பேரைப் பதிஞ்சாச்சு, பயப்படாதீங்க. ரெண்டு கேள்வி மட்டும். சாப்பாடெல்லாம் எப்படி?

அக்கா: அதுக்கென்ன, வஞ்சனை இல்லாம உள்ள போகுது.

மேடம்: அவரையே சொல்ல விடுங்கம்மா. தூக்கம்?

தம்பி: நல்லாத் தூங்குவேன். நேத்துதான்...

மேடம்: நேத்து என்ன?

தம்பி: ஒண்ணுமில்ல மேடம்.

அக்கா: சொல்லேன்டா. எனக்குத் தெரியாம உனக்கென்ன ரகசியம்?

தம்பி: வேண்டாம்க்கா. இவங்க முன்னாடி...

அக்கா: இவங்க முன்னாடிதான் சொல்லணும். அதுக்குத்தானே வந்திருக்கோம்?

தம்பி: பாப்பாவுக்குக் காய்ச்சல்னு நேத்து நீ அவ பக்கத்துலயே அசந்துட்டே.

அக்கா: ஆமா, அதுக்கு?

தம்பி: நான் படுத்ததும் தினம் பூனை மாதிரி வந்து என் ரூமுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போடுவியே... நேத்து போட மறந்துட்டேக்கா. அந்தச் சத்தம் கேக்காம எனக்குத் தூக்கமே வரல.