ஈரலுக்கு ஊற்றிய மருந்து

— மனுசன் ரத்தத்துல இருந்து எடுக்கற சத்து, ஒரு பாட்டில் ரெண்டாயிரத்து நூறுங்க. உங்களுக்கு மூணு ஏத்தியாச்சு.

— மூணா வாங்கறமேன்னு வெலையில ஏதாச்சும் தள்ளிக் கேட்டியா, அம்மணி?

— ஆசுபத்திரி மருந்துக்கடையில போயி வெலை பேசச் சொல்றீங்களா? ஏற்கெனவே ஆசுபத்திரிச் செலவுக்கே என்ற வளையலு ரெண்டும் போச்சுங்க.

— வளையலு கெடக்குது. தீபாவளிக்கு ஈரோட்டு நூல் வசூல் வரட்டும், ரெண்டுக்கு நாலாப் போட்டுத் தாரேன்.

— நாலாவது பாட்டிலுக்குச் சீட்டு எழுத மாட்டேன்னுட்டாங்க டாக்டரம்மா.

— காசு நம்முளுது. அவிங்களுக்கு என்ன நட்டம்?

— ஏத்த ஏத்த ஒழுகிப்போகுதாமுங்க. அந்தச் சத்த ஈரல்தான் செஞ்சு ரத்தத்துல உடோணும். அது இருந்தாத்தான் தண்ணி ரத்தத்துக்குள்ள நிக்கும். இல்லாங்காட்டிக் காலுக்கும் வவுத்துக்கும் எறங்கிப்போடுமாம். பாருங்க, உங்க காலுல என்ற வெரலு பதிஞ்ச குழி அப்படியே நிக்குது.

— அதுக்குத்தான தெனம் ஆறு முட்டையோட வெள்ளைக்கருவக் குடுத்தே? ஒரு நா நான் வேண்டாம்னனா?

— அத்தனை குடுத்ததே தப்பாமுங்க. நூல் லோடு லோடா வந்து எறங்குது, தறி நின்னு கெடக்குதுன்னா குடோன் என்னாகும்? முட்டையச் சத்தா மாத்தவும் ஈரலுக்குத் தெம்பில்ல, கழிவ வெளிய தள்ளவும் தெம்பில்ல. அதெல்லாம் மூளைக்கு ஏறிப்போச்சு. வெள்ளிக்கிழமை மத்தியானம் சுவத்துகிட்ட நாப்பதாம் நம்பர் நூலுக்கு வெலை பேசுனீங்க.

— சுவரு எறங்கி வந்துச்சா?

— சிரிக்காதீங்க. தறிய நிறுத்துனது குடிங்கறாங்க.

— அதைத்தான் போன ஆடியோட உட்டுப்போட்டனே. மருதமலைப் படியில உன்ற கையில அடிச்சுச் சொன்னனே.

— சொன்னீங்க. நானும் எங்கூட்டுக்காரரு திருந்திட்டாருன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டேன். இங்க சேத்த அன்னைக்கு எடுத்த ரத்தத்துலயே சரக்கு இருந்துச்சாமுங்க.

— மிசின் தப்பாக் காட்டியிருக்கும். இல்லாட்டி நான் குடிக்கற தசமூலாரிஷ்டம். அந்த ஆயுர்வேத மருந்துலயே கொஞ்சம் புளிச்ச சரக்கு இருக்குமில்ல.

— நானும் அதையேதான் சொல்லிச் சண்டைக்கு நின்னேன். மருந்தத் தவிர ஒண்ணும் தொடறதில்லீங்க, காலைக்கும் ராத்திரிக்கும் நான்தான் ஊத்தித் தாரேன்னேன். பாட்டிலக் கொண்டாங்கன்னாங்க. கொண்டாந்தேன். கடையில புதுசா ஒண்ணு வாங்கியாரச் சொல்லி, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல தொறந்து வெச்சு, மோந்து பாரும்மான்னாங்க.

— அவிங்களுக்கு என்ன வேலை...

— எத்தனைக்கு எத்தனைங்க?

— என்னது?

— கலப்படம். ஏவாரிதான நீங்க, சொல்லுங்க.

— பாதிக்குப் பாதி. பிராந்தி. குடோன்ல வெச்சு ஊத்திக் கொண்டாருவேன்.

— கொண்டாந்து என்ற கையால ஊத்தித் தர வெச்சீங்க.

— கடை வாசல்ல போய் நின்னா உனக்குத்தான கேவலம், அம்மணி. உன்ற கையால குடிச்சா அளவும் மீறாது. கணக்குப் பாரு, முன்ன குடிச்சதுல பாதிதான்.

— ஆமாங்க. மிச்சம் புடிச்சுப் போட்டீங்க.

— இனித் தொட்டா என்னையக் கேளு. இது நம்ம ரெண்டு பேருக்குள்ளயே கெடக்கட்டும். புள்ளைகிட்ட மட்டும் சொல்லிப்போடாத. ஹாரிகா பச்ச ஒடம்புக்காரி, கைக்கொழந்தையோட இருக்கறா.

— அவகிட்டச் சொல்லித்தான் ஆகோணுமுங்க.

— ஏன் இப்புடிப் புடிவாதம் புடிக்கறே?

— பெத்துட்டு நம்மூட்டுல நாப்பது நாள் இருந்தாளே. பெத்தவளுக்கு அந்த அரிஷ்டந்தானுங்க குடுப்போம்? தொண்டை எரியுதும்மான்னா. மருந்துன்னா எரியத்தான் செய்யும், முழுங்குன்னு அதட்டுனேன். முழுங்கிப்போட்டுக் கொழந்தைக்குப் பால் குடுத்தா.

— கனகம்...

— நாப்பது நாளு, நாளுக்கு ரெண்டு வேளை, எண்பது தடவைங்க. எண்பது தடவையும் நான் அந்தப் பாட்டில்ல இருந்துதான் ஊத்துனேன், நீங்க எதுத்தாப்புல உக்காந்து பேப்பர் படிச்சுட்டு இருந்தீங்க.