வாளி தொங்காத காலை

2014 மே 28, புதன்கிழமை, காலை 10.20 மணி. மாவட்ட மருத்துவமனை, இரண்டாம் மாடி, ஆறாம் அறை. பதிவு செய்தவர்: மாவட்டக் காவல்துறைத் துணை ஷெரீப் கர்ட் லின்டெமன்.

என் பெயர் லூயல்லா பிராண்ட்ஹோர்ஸ்ட், வயது 74, காலஞ்சென்ற ஆர்லோவின் மனைவி. மிசிசிப்பி ஆற்றின் இக்கரையிலுள்ள கெட்டில் லேண்டிங் கிராமத்தில், கரைமேட்டுச் சாலை நான்காம் எண் வீட்டில் தனியாக வசித்து வருகிறேன். அக்கரைக்குப் போகும் படகில் இருபத்தாறு வருடம் கயிறு கட்டும் வேலை செய்தேன். இப்போது வெள்ளிக்கிழமைகளில் தேவாலயக் கூடத்தில் கெளுத்தி மீன் பொரித்துக் கொடுக்கிறேன். எங்கள் ஊரில் மொத்தம் நாற்பத்து மூன்று பேர்.

எனக்கு எதிர்வீட்டில் இருப்பவர் வெர்ஜில் டெப்பே, வயது 79, இழுவைப்படகில் சமையற்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். கடந்த சனிக்கிழமை காலை அவர் புல்வெட்டும் வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டி வீட்டுக்காரர்கள் சாலையோரம் நட்டிருந்த எட்டுத் தபால் பெட்டிகளை இடித்துத் தள்ளியது பற்றி விசாரிக்க வந்திருப்பதாகத் துணை ஷெரீப் சொன்னார். வெர்ஜில் தன் வாக்குமூலத்தில், சும்மா ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க ஆசையாக இருந்தது, அதனால் ஓட்டினேன் என்று சொல்லியிருப்பதையும், தன் வாளியைத் தினமும் தன் கையாலேயே மாட்டி வந்ததாகச் சொல்லியிருப்பதையும் எனக்கு வாசித்துக் காட்டினார். இரண்டும் பொய். அதனால்தான் பேசுகிறேன்.

வாளி விஷயம் என்னவென்றால், 1993 வெள்ளத்துக்குப் பிறகு நாங்கள் எல்லோரும் வீடுகளைப் பதினைந்து அடித் தூண்கள் மேல் தூக்கிக் கட்டினோம். அதன் பின்னர் ஒருவர் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று இன்னொருவருக்குத் தெரியாமல் போனது. எல்மர் ஸ்டக்கி தன் சமையலறையில் விழுந்து இரண்டு நாள் கிடந்தார். அதற்குப் பிறகு தனியாக இருப்பவர்கள் ஒன்பது பேரும் காலை ஏழரைக்குள் படியின் உச்சியிலுள்ள ஆணியில் வாளி மாட்ட வேண்டும் என்று முடிவு செய்தோம். தொங்கினால் ஆள் நலம். தொங்காவிட்டால் யாராவது கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போகலாம், யாரும் கோபிக்கக் கூடாது. என்னுடையது நீல வாளி. வெர்ஜிலுடையது பன்றிக் கொழுப்பு வந்த வெள்ளைத் தகர வாளி.

இந்த வருடம் மார்ச் மாதம் வெர்ஜில் படியில் வழுக்கி இடது காலில் அடிபட்டார். செயின்ட் லூயிஸ் நகரத்திலிருந்து அவர் மகள் ஜானெல் வந்து, அவர் ஓட்டிவந்த சிறு லாரியின் சாவியை எடுத்துக்கொண்டாள். இன்னொரு முறை விழுந்தாலோ, ஒரே ஒரு நாள் வாளி தொங்காவிட்டாலோ நகரத்து முதியோர் இல்லத்துக்கு வந்துவிட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினாள். சாட்சிக் கையெழுத்து என்னுடையது. ஜானெல் நல்ல பெண். அப்பா மேல் உயிரையே வைத்திருக்கிறாள், அதுதான் தொல்லை. அன்றிலிருந்து தினமும் காலை எட்டு மணிக்கு எனக்குத் தொலைபேசி செய்து, "அத்தை, வாளி தொங்குதா?" என்று கேட்பாள். நான் "தொங்குதும்மா" என்பேன்.

ஏப்ரல் ஏழாம் தேதி காலை ஏழே காலுக்கு வாளி இல்லை. நான் என் வீட்டுப் பத்தொன்பது படி இறங்கி, அவர் வீட்டு இருபத்தோரு படி ஏறிப் போய்ப் பார்த்தபோது, அவர் நாற்காலியில் உட்கார்ந்து வாளியை மடியில் வைத்திருந்தார். கால் வீங்கியிருந்தது. "கதவு வரைக்கும் போக முடியலடி" என்றார். நான் வாளியை வாங்கி மாட்டினேன். அதன் பின்னர் மே இருபத்து மூன்றாம் தேதி வரை, நாற்பத்தேழு நாள், நானே மாட்டினேன். முதலில் அவர் வாளி, திரும்பி வந்து என் வாளி, அப்புறம் ஜானெலின் தொலைபேசி. இது ஏமாற்று வேலையா என்று துணை ஷெரீப் கேட்டார். ஆமாம் என்றே எழுதிக்கொள்ளச் சொன்னேன். ஆனால் அந்த மனிதர் அந்த ஜன்னலோரத்தில் உட்கார்ந்து போகிற வருகிற இழுவைப்படகுகளின் பெயரைச் சொல்லிக் கையாட்டுவதைப் பார்த்தவர் யாரும் வேறு மாதிரி செய்திருக்க மாட்டார்கள். நகரத்து இல்லத்தின் ஜன்னலுக்கு வெளியே இருப்பது கார் நிறுத்துமிடம். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

மே 24, சனிக்கிழமை, எங்கள் ஊர் கல்லறைகளுக்குப் பூ வைக்கும் நாள். கல்லறைத் தோட்டம் அக்கரைக் குன்றின் மேல் இருக்கிறது. காலை எட்டு மணிப் படகில் ஊரே பியோனிப் பூக்களோடு போவது வழக்கம். ஜானெலின் எட்டு மணித் தொலைபேசிக்காக, ஒன்பது மணிப் படகில் வருகிறேன் என்று சொல்லி நான் பின்தங்கினேன். ஏழு பத்துக்கு வெர்ஜில் வீட்டுக்குப் போகப் படியிறங்கினேன். அந்த வாரம் வந்து வடிந்த தண்ணீர் கடைசி மூன்று படிகளில் வண்டலை விட்டுப் போயிருந்தது. ஆற்றில் இத்தனை வருடம் வேலை செய்தவளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். வழுக்கி, தூணில் மோதி, சேற்றில் விழுந்தேன். வலது மணிக்கட்டும் இடுப்பும் போயின. கத்தினேன். எல்லோரும் துறையில், அங்கே படகு எஞ்சின் சத்தம்.

ஏழு நாற்பதுக்கு மேலே என் வீட்டுத் தொலைபேசி அடித்தது. பதினெட்டு முறை அடித்து நின்றது. அது வெர்ஜில். எட்டு மணிக்கு மறுபடி அடித்தது. அது ஜானெல். எனக்கு அழுகை வந்தது. வலியால் இல்லை. இரண்டு வாளியும் தொங்கவில்லை, அந்த மனிதரின் வீட்டை நானே பறித்துவிட்டேன் என்று நினைத்து அழுதேன்.

அதன் பின்னர் நடந்ததில் ஒரு பகுதியைப் பக்கத்து வீட்டு ஓபல் ரீட்ஸ் சொல்லித்தான் அறிந்தேன். அவள் படகின் பின்பக்கம் நின்று பார்த்தவள். வெர்ஜில் இருபத்தோரு படிகளையும் உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றாக இறங்கியிருக்கிறார். கால்சட்டையின் பின்பக்கம் கிழிந்து போயிருந்ததை நானே பார்த்தேன். அவசர எண்ணை ஏன் கூப்பிடவில்லை என்று துணை ஷெரீப் கேட்டார். நீங்கள் வந்து சேர நாற்பது நிமிடம் ஆகும் தம்பி, உங்கள் அப்பா ஷெரீபாக இருந்த காலத்திலும் அப்படித்தான் என்றேன். அவர் அதை எழுதவில்லை. எழுதச் சொன்னேன்.

வெர்ஜில் தன் வீட்டுத் தூண்களுக்கு நடுவே நின்றிருந்த புல்வெட்டும் வண்டியில் ஏறி உட்கார்ந்து, ஓபலின் பியோனிப் பாத்தி வழியாகவே நேராக வந்து என் பக்கத்தில் நிறுத்தினார். அப்போது நடந்த பேச்சு எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"ஏய் லூயல்லா, வாளி எங்கடி?"

"யோவ், ஒன்ன யாருய்யா எறங்கச் சொன்னது? இப்ப ரெண்டு பேர் கதையும் போச்சு!"

"நீல வாளி தொங்கல. ஒனக்கு மட்டும்தான் சட்டமா? பேசாம கெட, வரேன்."

தன் மேல்சட்டையைக் கழற்றி என் மேல் போட்டுவிட்டு, துறையை நோக்கி வண்டியைத் திருப்பினார். அந்த வண்டிக்குப் பிரேக் சரியில்லை என்பது ஊருக்கே தெரியும். சாலை முனையில் வரிசையாக நின்ற எட்டுத் தபால் பெட்டிகளும் அங்கேதான் விழுந்தன. அவர் நிற்கவில்லை. துறைக்குப் போய், படகைக் கூப்பிடும் மணியின் கயிற்றைப் பிடித்து விடாமல் இழுத்தார். நடு ஆற்றில் போய்க்கொண்டிருந்த படகு அப்படியே திரும்பியது. ஊர் மொத்தமும் கையில் பூவோடு கரைமேட்டில் ஓடி வந்ததை நான் சேற்றில் படுத்தபடி பார்த்தேன். என் அடக்கத்துக்குத்தான் வருகிறார்கள் போல என்று ஒரு நிமிடம் தோன்றியது. கதவொன்றைக் கழற்றி, அதில் என்னைக் கிடத்தித் தூக்கினார்கள்.

புகார் கொடுத்தவர் வார இறுதிகளில் மட்டும் வரும் சிகாகோக்காரர் திரு. பிரெஸ்டன் காஃப்மன். வெர்ஜில் குடித்திருந்தார் என்று அதில் எழுதியிருக்கிறார். வெர்ஜில் காலையில் குடிப்பது மோர். திரு. காஃப்மனின் பெட்டி கெளுத்தி வடிவத்தில் செய்தது. அது கெளுத்தி மாதிரி இல்லை என்பது ஊரின் பொதுவான கருத்து. மற்ற ஏழு பெட்டிகளையும் அவற்றின் சொந்தக்காரர்கள் அன்று மாலையே நட்டுவிட்டார்கள், அவர்களுக்குப் புகார் எதுவும் இல்லை. கெளுத்தியை மட்டும் சாட்சியப் பொருள் என்று சொல்லி யாரும் தொடாமல் வைத்திருக்கிறார்கள்.

வெர்ஜில் ஏன் பொய் சொன்னார் என்று கேட்கப்பட்டது. நான் நாற்பத்தேழு நாள் ஜானெலை ஏமாற்றியது வெளியே வரக் கூடாது என்றுதான் அப்படிச் சொல்லியிருக்கிறார், வேறு காரணம் இல்லை. உண்மையைச் சொன்னால் தாளில் எழுதியபடி அவர் போக வேண்டியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். சொல்லாவிட்டால், புத்தி கெட்டு வண்டி ஓட்டிய கிழவர் என்று அரசாங்கக் காகிதத்தில் அவர் பெயர் நிற்கும். அதை என்னால் பொறுக்க முடியாது. எழுந்து கதவு வரை போக முடியாத மனிதர் எனக்காக இருபத்தோரு படி இறங்கினார். அந்த எண்ணைத் தெளிவாக எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை ஜானெல் இங்கே வந்தபோது இதையெல்லாம் அவளிடமும் சொல்லிவிட்டேன். அவள் என் கட்டிலின் கம்பியைப் பிடித்தாள். "நாப்பத்தேழு நாளா, அத்தை?" என்று மட்டும் கேட்டாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எங்கே போனாள் என்று எனக்குத் தெரியவில்லை. அன்று இரவும் மறுநாளும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இன்று காலை சரியாக எட்டு மணிக்கு இந்த அறைத் தொலைபேசி அடித்தது. நர்ஸ் எடுத்து என் காதில் வைத்தாள். பின்னால் ஏதோ ஒரு இழுவைப்படகு ஹார்ன் அடித்தது. அதன் பெயரை வெர்ஜில் உரக்கச் சொல்வதும் கேட்டது.

"அத்தை, நான் ஜானெல். வாளி தொங்குது" என்றாள். பிறகு, "ரெண்டும்" என்றாள்.

நர்ஸிடம் காலைச் சாப்பாட்டைக் கொண்டு வரச் சொன்னேன்.

இதிலுள்ளதெல்லாம் என் வாயால், யாருடைய தூண்டுதலும் இல்லாமல் நான் சொன்னது. தம்பி லின்டெமன் வாசிக்கக் கேட்டேன், உண்மையைத் தவிர வேறு எதுவும் இதில் இல்லை. வலது கை மாவுக்கட்டில் இருப்பதால் இடது கையால் கையெழுத்துப் போடுகிறேன். எழுத்து கோணலாக இருந்தாலும் அது நான்தான்.

(ஒப்பம்) லூயல்லா பிராண்ட்ஹோர்ஸ்ட்