ஜெர்மன் வண்டிக்கு மூளைக் கோளாறு

– அய்யய்யோ, அதை ஏம்மா பிரிக்கிற? ஃபோன்ல கேட்டதுக்குக் கம்பெனிக்காரனே திறக்கக் கூடாது, புதுசுதான் மாத்தணும்னுட்டான்!

– அதனாலதான சார் எங்கிட்ட வந்திருக்கீங்க? கைய எடுங்க. மூடியப் பசை போட்டு ஒட்டியிருக்கான். சூடு காட்டினாத்தான் விடும்.

– சூடா! அது என்னான்னு தெரிஞ்சுதான் பண்றியா? இஞ்சினுக்கே அதுதான் மூளையாம். எவ்வளவு பெட்ரோல் போவணும், எப்பப் பொறி தட்டணும், அம்புட்டையும் அதுதான் சொல்லுதாம்.

– தெரியும் சார். கல்யாணத்துக்கு முன்னாடி ஒரகடத்துக் கார் கம்பெனியில இந்தப் பெட்டிங்களோடதான் குடித்தனமே.

– பாத்தும்மா, பாத்து. எம் மவன் சிங்கப்பூர்லேருந்து பணம் அனுப்பி வாங்கின வண்டி. தஞ்சாவூர்லேருந்து ஜம்முனு வந்துச்சு. வலங்கைமான் எல்லைய மிதிச்சதும் ஒரு குலுக்கு. மஞ்ச லைட்டு, செவப்பு லைட்டு, தேரு மாதிரி எல்லாம் எரிஞ்சுது. அப்புறம் பொணம்தான்.

– வீட்ல வண்டிய எங்க விடுவீங்க?

– வாசல்ல, புளியமரத்தடியில. நல்ல நெழலு. ஏன்?

– இந்தா பாருங்க. முன்கண்ணாடிக்குக் கீழ தண்ணி வடியிற ஓட்டை. பூரா புளிய எல. மழைத்தண்ணி வெளியேற வழியில்லாம தேங்கி, பெட்டிக்குள்ள எறங்கியிருச்சு.

– அட கண்றாவியே! ஜெர்மன்காரன் செஞ்ச வண்டிய ஒரு புளிய எலையா கவுத்துச்சு?

– வடிகால் தூந்துபோனா வயலே அழுகுது, வண்டி எம்மாத்திரம். ம்… விட்டுருச்சு மூடி. பச்சையா தெரியுதா?

– பாசி புடிச்சாப்புல இருக்கு.

– களிம்பு சார். இந்த மூலையில செம்புத் தடத்தையே தின்னுருச்சு. மத்த எடமெல்லாம் சுத்தமா இருக்கு. பொழைச்சுக்கும்.

– மத்தியானத்துக்குள்ள பொழைக்குமா? ரெண்டு மணிக்கு நான் மன்னார்குடியில இருந்தாவணும். வருவாய் கோர்ட்டு.

– கேஸா சார்?

– நெலக் கேஸு. வெட்டாத்தங்கரையில எங்க தாத்தா காலத்து நெலம். உச்சவரம்புச் சட்டம் வந்தப்ப மாமன் பேர்ல, மச்சான் பேர்ல, செத்த பாட்டன் பேர்லன்னு எழுதி வச்சு, அதுலயும் மிஞ்சி நிக்கிற கடைசித் துண்டு. அதுல ஒருத்தன் குத்தகைக்கு உக்காந்தான். உக்காந்தவன் எழுந்திரிக்கவே இல்ல.

– குத்தகை ஒழுங்கா அளக்கலியா?

– அதெல்லாம் அளக்குறான். பொய் சொல்லப்படாது, பதர் இல்லாத நெல்லு. ஆனா எனக்கு விக்கணும்மா. மவன் அங்கயே வீடு வாங்கணுங்கிறான். இவன் பேரு குத்தகைப் பதிவுல ஏறிக் கெடக்கு. கொடியில கறுப்பு செவப்போட வெள்ளை இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி, எந்த ஆட்சி வந்தாலும் சட்டம் அவன் பக்கந்தான்.

– அப்ப எப்புடி சார் ஜெயிப்பீங்க?

– அதுதான் இன்னிக்கி. போன வாய்தாவுக்கு அவங்க தரப்புல ஒரு ஆளும் வரல. இன்னிக்கும் அவங்க நேர்ல வரலேன்னா எந்தரப்ப மட்டும் கேட்டுத் தீர்ப்பு எழுதிருவேன்னு அதிகாரி சொல்லிட்டாரு. நான் போயி நின்னா போதும். அந்தக் குத்தகைக்காரன் ரெத்தினம் எங்கேருந்து வருவான்? படுத்துக் கெடக்குறான்.

– சார், அந்த வெளக்கக் கொஞ்சம் கிட்டக்கப் புடிங்க.

– இதுவா? இந்தா.

– ஆட்டாதீங்க. தலைமுடி கனத்துல ஒயரு. அந்தச் செத்த தடத்துக்குப் பதிலா இதை வச்சு ஈயம் வைக்கிறேன்.

– அடேங்கப்பா, கை நடுங்கவே மாட்டேங்குதே! யாரு வீட்டுப் பொண்ணும்மா நீ?

– ரெத்தினம் வீட்டுப் பொண்ணு சார்.

– எந்த ரெத்தினம்?

– இப்பச் சொன்னீங்களே, படுத்துக் கெடக்குறான்னு.

– எங்க நெலத்து ரெத்தினமா!

– வெளக்கு ஆடுது சார்.

– நீ… எதிர்மனுதாரர் ரெண்டுன்னு அம்சவல்லின்னு ஒரு பேரு போட்டிருக்கே, அது நீயா?

– நாந்தான் ரெண்டு. அப்பா ஒண்ணு.

– அட கண்றாவியே! அப்ப நீயில்ல இந்நேரம் அங்க போயி நிக்கணும்?

– கெளம்பி, பட்டறைக் கதவப் பூட்டிக்கிட்டுத்தான் நின்னேன். உங்க வண்டிய மினி லாரியில கொண்டாந்து வாசல்ல எறக்கிட்டாங்க. நீங்க வேற நடுரோட்ல நின்னு தலையில அடிச்சுக்கிட்டீங்க.

– என்னை யாருன்னு தெரிஞ்சுதான் செய்யிறியா?

– எறங்குனப்பவே தெரியும். அறுவடைக்குக் களத்துல வந்து நிப்பீங்கல்ல, சின்ன வயசுல பாத்துருக்கேன். அப்ப இந்த வண்டியும் இல்ல, இந்தத் தொப்பையும் இல்ல.

– அம்சவல்லி, நெஞ்சைத் தொட்டுச் சொல்லும்மா. அந்தப் பெட்டிக்குள்ள எதையாச்சும்…

– நீங்கதான வெளக்கு புடிச்சீங்க? கெடுக்கணும்னா இவ்வளவு மெனக்கெடணுமா? முடியாதுன்னு ஒத்த வார்த்தை சொல்லிட்டு பஸ் ஏறியிருப்பேன்.

– ஏன் ஏறல?

– எனக்கே புரியல சார். ஒரு எட்டு பாத்துட்டுப் போவோம்னுதான் தொட்டேன். பொழைக்கும்னு தெரிஞ்சுபோச்சு. பொழைக்கிறதைப் போட்டுட்டுப் போவ மனசு வரல. நிமிந்து பாத்தா பஸ்ஸு போயிருச்சு. போன தடவை அப்பாவ ஆஸ்பத்திரியில சேத்த நாளு, அதனால வரல. இந்தத் தடவை என்னத்தச் சொல்லுவேன்? எதிரி வண்டிக்கு வைத்தியம் பாத்தேன்னா?

– ரெண்டாங் களை எடுத்தாச்சாமே. பயிரு எப்புடி?

– அருமையான சம்பா. தூரு கட்டி நிக்குது.

– உங்கப்பா எப்புடி இருக்காரு?

– இப்ப 'ரு' போடுறீங்க.

– போட்டா தப்பா?

– தப்பில்ல சார், காது பழகணும். ஒரு பக்கம் விழுந்துருச்சு. கட்டில ஜன்னல் ஓரமா போட்டு வச்சிருக்கோம், வயலு தெரியணும் அவருக்கு. கொக்கு எறங்கினாக்கூட எங்களத்தான் ஏசுறாரு. பேச்சு வராட்டியும் ஏச்சு வருது.

– ஹஹ்… அது அந்தக் காலத்துலேருந்தே உண்டு. எங்கப்பாவையே ஏசியிருக்காரு, வரப்ப மிதிச்சு ஒடைக்கிறீங்கன்னு.

– சரி, பெட்டிய மாட்டியாச்சு. ஏறி பட்டன அமுக்குங்க. மொதல்ல மூச்ச விடுங்க.

– அமுக்குறேன்… ஓடுது! அம்சவல்லி, ஓடுதும்மா! ஒரு லைட்டு எரியல! கேளேன் அந்தச் சத்தத்த, வீணை மாதிரி!

– ஓடட்டும், செத்த நேரம் சூடேறட்டும். மரத்தடியில மட்டும் விடாதீங்க.

– இப்பக் கெளம்பினா ரெண்டு மணிக்குள்ள போயிரலாம்ல?

– தாராளமா.

– நீ எப்புடி வருவ?

– அடுத்த பஸ்ஸு கோர்ட்டு கலைஞ்சப்புறந்தான் போயிச் சேரும். ஆட்டோக்கு ஃபோன் போட்டேன். மூர்த்த நாளு, எல்லாம் சவாரி போயிருச்சு.

– எங்கூடவே ஏறிக்கயேன்.

– நல்லாருக்கே! விவசாயச் சங்கத்துத் தோழருங்க கோர்ட்டு வாசல்ல நிப்பாங்க. உங்க வண்டியிலேருந்து நான் எறங்கினா வெல போயிட்டேன்னுதான் நெனப்பாங்க. உங்க ஆளுங்க மட்டும் சும்மா இருப்பாங்களா?

– அதுவும் வாஸ்தவந்தான். அப்ப நான் மட்டும் தனியாப் போயி நின்னா…

– ஜெயிச்சிருவீங்க.

– ஜெயிச்சிருவேன்ல?

– ஆமா சார்.

– சும்மா போயி நின்னாப் போதும்.

– அதான் சொல்றீங்களே. கெளம்புங்க, நேரம் ஆவுது. ஏன் ஸ்டியரிங்கையே புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க? இன்னும் ஏதாச்சும் கோளாறு தெரியுதா?

– இரும்மா, ஒரு ஃபோன் பண்ணிக்கிறேன்… வக்கீல் சாரா? தியாகராசன் பேசுறேன். இன்னிக்கி வாய்தா வாங்கிருங்க சார், என்னால வர முடியாது. வண்டி வலங்கைமான்லேயே படுத்துருச்சு, அசையவே மாட்டேங்குது… என்ன சத்தமா? அது… அது பக்கத்துல எவனோ டிராக்டர் ஓட்டுறான் சார்.