திரையில் சுற்றிய சம்மதம்

"ஹலோ... அண்ணி, நான்தான்... இல்ல இல்ல, யாருக்கும் ஒண்ணும் ஆகல. அவசரமா ஒண்ணு கேக்கணும். ஸ்கிரீன் சேவர் எப்படி மாத்துறது?... சிரிக்காதீங்க! ஆமா, ஆமா, கம்ப்யூட்டரைத் தொடாம விட்டா தானா ஓடுமே, அதேதான்... என்னோடதுல இல்ல. சர்வேயரோடதுல."

எதிர்முனையில் கிளம்பிய கூச்சலுக்கு அவள் போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தாள்.

வரைபட அலுவலகத்தில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். முந்தின நாள் மாலை லிஃப்டில், பக்கத்து மேசைச் சர்வேயர் அவளிடம், கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதமா என்று கேட்டிருந்தார். மூன்று வருடமாக அவள் ஏங்கிய கேள்வி. ஆனால் வாய் ஒட்டிக்கொண்டது. "நாளைக்குச் சொல்றேன்" என்று ஓடி வந்துவிட்டாள். இன்று காலையிலிருந்து நான்கு தடவை அவர் மேசைக்குப் போய், நான்கு தடவையும் ஸ்டேப்ளர் பின் வாங்கிக்கொண்டு திரும்பியிருந்தாள். கம்ப்யூட்டர் சொல்லித்தரும் அண்ணியை விட்டால் வேறு வழியில்லை.

"ம்... ம்... சாப்பிடத்தான் போயிருக்கார், பூட்டாமலே... சரி, ரைட் கிளிக் பண்ணிட்டேன்... ஆமா, ஆமா, லிஸ்ட் வந்துடுச்சு. குமிழி, கோடு... எழுத்து! எழுத்து இருக்கு அண்ணி!... இருங்க, அடிக்கிறேன். 'சம்மதம்'... அவ்வளவுதான். என் பேரெல்லாம் வேண்டாம், வெக்கமா இருக்கு... ஐயோ, கட்டம் கட்டமா வருது! தமிழே இல்ல!... ஃபான்ட்டா? எதை மாத்த?... இதுவா?... வந்துடுச்சு! சுத்துது அண்ணி! தங்கக் கலர்ல, ராட்டினம் மாதிரி!... நேரமா? ஒரு நிமிஷம்னு வச்சுட்டேன்."

தன் நாற்காலிக்குத் திரும்பியவளால் நிலையாக உட்கார முடியவில்லை.

"அண்ணி... போச்சு. மேனேஜர் வர்றார். சர்வேயர் மேசைக்குத்தான் போறார்... ஏதோ ஃபைல் தேடுறார்... இன்னும் தேடுறார்... சேவர் ஓட ஆரம்பிச்சுடுச்சு! படிக்கிறார்... கண்ணாடியைத் துடைச்சிட்டு மறுபடி படிக்கிறார்... இருங்க இருங்க, என்னைக் கூப்பிடுறார்."

அவள் போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.

"சார்?... தெரியல சார்... ஆமா சார், அவரேதான் எழுதியிருப்பார் சார்."

மேனேஜர் வாசலைப் பார்த்துக் கிளம்பியதும் மறுபடி காதில் வைத்தாள்.

"செத்தேன் அண்ணி! சர்வேயரை ஞாயித்துக்கிழமை வேலைக்குக் கூப்பிட்டிருந்தாராம். அதுக்குத்தான் சம்மதம்னு எழுதி வச்சிருக்கார்னு நினைச்சுட்டு, குஷியாப் போறார்!... சிரிக்காதீங்கன்னா!... ஐயோ, சாப்பிட்டுத் திரும்பி வர்றவரை வாசல்லயே பிடிச்சுட்டார். கையைப் பிடிச்சுக் குலுக்குறார்... அவர் பாவம், திருதிருன்னு முழிக்கிறார்... இப்ப ரெண்டு பேரும் ஸ்கிரீன் முன்னாடி நிக்கிறாங்க... படிச்சிட்டார்... இல்ல, புரியல. மேனேஜரே எழுதி வச்சுட்டார்னு நினைக்கிறார் போல, மூஞ்சி தொங்கிப்போச்சு... நானா? வாயாலயா? மேனேஜர் முன்னாடியா?... மாட்டேன்... அண்ணி, என்னால முடியாது... ம்... ம்... சரி. லைன்லயே இருங்க."

அவள் எழுந்தாள். நாற்காலி பின்னால் உருண்டு சுவரில் மோதியது.

"சார்... அது ஞாயித்துக்கிழமைக்கு இல்ல சார்."

இரண்டு தலைகளும் திரும்பின. அவள் சர்வேயரை மட்டும் பார்த்தாள். நேற்று ஒட்டிக்கொண்ட வாய் இன்று நிற்கவே இல்லை.

"நான்தான் எழுதினேன். உங்களுக்குத்தான். லிஃப்ட்ல கேட்டீங்களே, அதுக்கு. சம்மதம். நேத்தே சம்மதம். போன வருஷமே சம்மதம்!"

மேனேஜர் தேடியெடுத்த ஃபைலைத் திரும்பவும் கீழே வைத்தார்.

"அண்ணி, கேட்டுச்சா?... கத்திட்டேனா? பரவாயில்ல... ஆமா, ஆமா, இங்கதான் வர்றார். குப்பைத்தொட்டியில இடிச்சுக்கிட்டு வர்றார்... சிரிச்சுக்கிட்டேதான்... இல்ல அண்ணி, நீங்க கேக்கக் கூடாது. அண்ணன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. வைக்கிறேன்... வைக்கிறேன்னு சொல்றேன்ல!"