இடக்கை முடிச்சு

வக்கீல் சார், எங்கள் வீட்டில் யாரும் பொய் சொல்வதில்லை. சாலவாக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். என் மகள் தமிழ்ச்செல்வி தன் தம்பிக்காக உங்களை அனுப்பியிருக்கிறாள். நீங்கள் கேட்பதால் நடந்ததைச் சொல்கிறேன்.

என் மகன் ஜெகன் வண்டி திருடி மூன்று முறை சிறைக்குப் போனவன். கடைசியாக வெளியே வந்தபோது ஸ்டேஷனில் அவனுக்குப் 'பழங்குற்றவாளி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு வருடம் ஒழுங்காக இருப்பேன் என்று கோட்டாட்சியர் முன் எழுதிக் கொடுத்தான். அதற்குள் தப்பு செய்தால் மீதிக் காலத்தை உள்ளே கழிக்க வேண்டும். அவன் ஒழுங்காகத்தான் இருந்தான். அதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டேஷனில் கையெழுத்துப் போடும் நாளில் மட்டும் ஊர் கண்ணில் படாமல் வயல் வழியாகப் போகச் சொன்னேன். அப்படியே போனான்.

அந்தச் சமயத்தில்தான் தமிழ்ச்செல்வியின் பெண்ணுக்கு உத்திரமேரூரில் நல்ல இடம் அமைந்தது. தாய்மாமன் மாலை போட்ட பிறகுதான் பெண் மணையில் உட்காருவாள். ஜெயிலுக்குப் போனவன் கையால் அந்த மாலை விழக்கூடாது என்று சம்பந்தி சொன்னார். நியாயம்தானே. ஜெகனிடம் ஒதுங்கிக்கொள்ளச் சொன்னேன்.

"மாமன் நான் இருக்கசொல்ல மாலைய யாரு போடுவாங்க நைனா? போலீஸ்காரரா?" என்று சிரித்தான். பிறகு, "உள்ள அந்தப் பொண்ணு மூஞ்சியத்தான் நெனச்சிக்கினு இருந்தேன். இத மட்டும் கேக்காத" என்றான்.

கல்யாணத்துக்கென்று புது வேட்டி சட்டை வாங்கிப் பையில் வைத்திருந்தான்.

ஏரிக்கரையில் எங்கள் ஊர்க்காரர் சேட்டுவின் பம்ப்செட் இருக்கிறது. அதன் செம்புக் கம்பியை அறுத்துச் சுருட்டினேன். வைக்கோல் புரியால் கட்டி, அந்தப் பையில் வேட்டிக்கு அடியில் வைத்தேன். சேட்டு புகார் கொடுத்ததும் போலீஸ் நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. பழங்குற்றவாளி இருக்கும் வீடு வேறு எது?

"இது யாரு பையி?" என்றார் எஸ்.ஐ.

என் மகன் பை என்றேன். அது உண்மை.

கம்பிக் கட்டை வெளியே எடுத்ததும் ஜெகன் அதன் முடிச்சைப் பார்த்தான். நான் இடக்கைக்காரன். நாற்றுமுடியைக் கட்டினாலும் புரியை இடப்பக்கம் முறுக்கிச் செருகுவேன். ஊரில் வேறு யாரும் அப்படிக் கட்டுவதில்லை. என்னோடு நாற்றுப் பறித்து வளர்ந்தவன் அவன். முடிச்சிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"இன்னாடா, உன் வேலதான?"

"ஆமா சார். நாந்தான்."

ஜீப்பில் ஏறும்போது திரும்பி, "நைனா, மாத்திர போட்டுக்கினியா?" என்று கேட்டான்.

கல்யாணத்தில் பங்காளி மகன் மாலை போட்டான். "பெத்த புள்ளயவே புடிச்சிக் குடுத்தீங்களே, மனுசன்னா நீங்கதான்" என்று சம்பந்தி எல்லோர் முன்னாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் பிடித்தது இடது கை. அதற்குப் பிறகு நான் நாற்றங்காலில் இறங்கவில்லை. ஆட்கள் முன் நாற்றுமுடி கட்டக் கூச்சமாக இருக்கிறது.

இதைக் கோர்ட்டில் வந்து சொல்வீர்களா என்கிறீர்கள். நீ செய்தாயா என்று அன்றைக்கு என்னை யாரும் கேட்கவில்லை சார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவனைத்தான் கேட்டார்கள். எங்கள் வீட்டில் முதல் பொய்யைச் சொன்னவன் அவன்தான்.