மூன்றே இடத்தில் மஞ்சள்

— மஞ்ச வேண்டாம்னா வேண்டாம். சாம்பல அடி, மணல் நெறத்த அடி, என்னத்தையும் அடி. காசிலிங்கம், அந்த டப்பாவத் தொறக்காதீரும்.

— அண்ணாச்சி, நான் காலையில இருந்து பிரஷ்ஷ நனச்சு வச்சிட்டு உக்காந்திருக்கேன். தகப்பனும் மவளும் ஒரு முடிவுக்கு வாங்க. நான் டீ குடிச்சிட்டு வாரேன்.

— அப்பா, அவரு டீக்குப் போறது இது மூணாவது தடவ. சாயங்காலம் எனக்கு பஸ். அதுக்குள்ள முடிச்சிருவமா?

— முடிக்கதுக்கு என்னளா இருக்கு ஷெர்லின்? முப்பது வருசம் ஹார்பர்ல கந்தகம் எறக்குனவன் வீட்டுல மஞ்ச அடிக்கணும்னு எந்தக் காலேஜுல சொல்லிக் குடுத்தான்?

— வீடு பூரா இல்லப்பா. சுவரு மணல் நெறம், தரை சாம்பல். அது ரெண்டும் சத்தமில்லாம கெடக்கும். நடுவுல கொஞ்சூண்டு மஞ்ச. பாக்க வெதுவெதுன்னு இருக்கும்.

— வெதுவெதுன்னு. உச்சி வெயில்ல கப்பலுக்கு அடியில எறங்கி நின்னுருக்கியா நீ? துப்புனா மஞ்ச. மூக்கச் சிந்துனா மஞ்ச. மூணு தடவ குளிச்சிட்டுப் படுத்தாலும் தலையாணி உறையில மஞ்ச. ஒங்கம்மை தொவச்சே அந்த உறை நைஞ்சு போச்சு. வெதுவெதுன்னு சொல்லுதா.

— அந்தத் தலையாணியில நானுந்தான படுத்தேன்.

— பொறவு?

— கந்தகத்துல பச்ச கலந்திருக்கும்பா. இது அவிச்ச முட்டைக்குள்ள இருக்குமே, அந்த மஞ்ச.

— முட்டைனா தின்னுட்டுப் போயிருவேன். சுவத்துல எதுக்கு?

— சுவத்துல இல்ல. மூணே எடம். வாசப்படி விளிம்பு, கக்கூஸ் கதவு நெல, சுவிட்சு போர்டச் சுத்தி ஒரு பட்டை.

— மெட்ராஸ்ல கக்கூசுக்குத்தான் சோடிப்பாவளோ?

— போன வாரம் நீங்க எந்தப் படியிலப்பா விழுந்திய?

— அது ஈரம்.

— மழையே பெய்யல.

— ஒங்கம்மை தண்ணியக் கொட்டிட்டா.

— அம்மை அன்னைக்கு மணப்பாட்டுத் திருநாள்ல இருந்தா.

— இப்ப என்ன, விசாரணையா? எங்கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கு.

— நான் கண்ணப் பத்திக் கேக்கலையேப்பா.

— காசிலிங்கம் டீ குடிச்சிட்டு வந்துட்டாரான்னு பாரு.

— அப்பா.

— உப்புக் குடோன் மொதலாளி அற்புதமணிகிட்ட வாயத் தொறந்துராத. வாட்ச்மேன் கண்ணு மங்கிட்டுன்னு தெரிஞ்சா நாளைக்கே வேற ஆள நிறுத்திருவான். அந்த வேலையும் போயிட்டுன்னா நான் வீட்டுல சும்மா கெடந்து என்னத்தப் பண்ண?

— சொல்ல மாட்டேன். இந்தா, கலர் அட்டையப் புடிங்க. இதுல எது மணலு, எது சாம்பலு?

— ரெண்டும் ஒன்னுதான. பேர மாத்தி விக்கான், நீயும் நம்பிட்டு வாங்குத.

— எது மஞ்ச?

— இந்தா, இது. நமக்கு ஆகாதவன் எங்க நின்னாலும் தெரிஞ்சிரும்லா.

— அப்ப நேத்து நான் தெருமுனையில ஆட்டோவ விட்டு எறங்கையிலேயே பேரச் சொல்லிக் கூப்பிட்டியளே. எப்படி?

— பெத்த மவளத் தெரியாதா? அதோட நீ வரும்போதெல்லாம் அந்த மஞ்ச சுடிதாரத்தான மாட்டிட்டு வார. அதத் தூரப் போடுன்னு எத்தன மட்டம் சொல்லிட்டேன். கேக்கியா?

— கிறிஸ்மசுக்கு நீலச் சேலையில வந்தேன்பா. நீங்கதான் கேட்டத் தொறந்திய. தொறந்துட்டு, "ஷெர்லின் மெட்ராஸ்ல இருக்கா, ஒனக்கு என்னம்மா வேணும்"னு கேட்டிய.